கடல்நீரைக் குடிநீராக்கும் கைப்பம்ப்: ஆழ்கடல் படகுக்கு வாங்கலாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கட்டாடின் சர்வைவர் 06 என்ற கைப்பம்ப், இரண்டு மூன்று பேர் போகும் வள்ளத்துக்கு அருமையான பொருள். பன்னிரண்டு பேர் ஏறி மாதக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்யும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுக்கு அது பற்றாது. அதற்கு இதே கம்பெனியின் சர்வைவர் 35 வேண்டும், விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும். ஆனால் ஏதோ ஒன்று படகில் இருந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டில் அண்ணன் படகு வைத்திருக்கிறார், நான் கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை. எங்கள் ஊர்க்காரர்கள் கொச்சியில் ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் லட்சத்தீவையும் தாண்டிப் போவார்கள், திரும்ப ஒரு மாதம், சில நேரம் ஒன்றரை மாதம். குடிக்க, சமைக்க எல்லாம் டேங்கில் ஏற்றிய தண்ணீர்தான். படகு நல்லபடி ஓடும்வரை அது போதும். படகு கவிழ்ந்து டேங்க் கையைவிட்டுப் போனால்தான் பிரச்சினை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் கடற்கரை கிராமங்களிலிருந்து போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கித் தப்பியவர்கள் உண்டு. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களைப் பற்றி எங்கள் ஊரில் பேச்செடுத்தால் அலை, குளிர் எல்லாம் வரும், ஆனால் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு மடக்கு கிடையாது. அதனால்தான் இந்தப் பம்பை வாங்கிப் பார்த்தேன்.

பொருள் எப்படி என்றால், ஏறக்குறைய ஒரு சாண் நீளம், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்தில் ஒரு கைப்பிடி, அதை மேலும் கீழும் அடிக்க வேண்டும். ஒரு குழாயின் நுனியில் வலை மாதிரி சல்லடை, அது கடலுக்குள் போகும். அதோடு ஒட்டியபடியே இன்னொரு குழாய், உப்பு அதிகமான கழிவுநீர் அதன் வழியாகக் கடலுக்கே திரும்பும். மூன்றாவதாக ஒரு மெல்லிய குழாய், அதில்தான் நமக்கு வேண்டிய தண்ணீர் சொட்டும். சொட்டும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், ஊற்றாது. நிமிடத்துக்கு 40 அடி என்ற கணக்கில் விடாமல் அடித்தால் மணிக்கு 0.89 லிட்டர் என்பது கம்பெனி சொல்லும் அளவு. நிதானமாக, நிறுத்தாமல் அடித்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வருகிறது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அடித்தால் குறைகிறது.

அண்ணன் படகை வெள்ளோட்டம் விடும்போது கூடவே போய், கரை நன்றாக மறைந்த பிறகுதான் குழாயைக் கடலில் இறக்கினோம். துறைமுகத்துக்குள் சோதித்துப் பார்க்கவே கூடாது, அங்கே தண்ணீர் மேலே டீசல் படலம் மிதக்கும், எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் சவ்வு கெட்டுவிடும். சவ்வு கெடாமல் இருக்கப் போட்டிருக்கும் மருந்து கழுவிப் போவதற்காக முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு வந்ததை எவர்சில்வர் டம்ளரில் பிடித்தோம். கால் டம்ளர் நிறையவே நேரம் ஆனது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரைக் கடல்நீரில் விட்டால் அளவு தாண்டிப் பிழை காட்டியது, வீட்டுக்கு வாங்கும் சின்ன மீட்டர் பத்தாயிரத்துக்குள்தான் காட்டும், கடல்நீர் 35,000. டம்ளர் தண்ணீரில் விட்டபோது அறுநூறைச் சுற்றி நின்றது. உப்பில் சராசரியாக 98.4 சதவீதம் பிரித்துவிடும் என்று கம்பெனி சொல்கிறது, கணக்குப் போட்டால் சரியாக வருகிறது. இந்தியத் தர நிர்ணயத்தில் 500 வரை நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை பரவாயில்லை என்று இருக்கிறது. ருசி, லேசாகச் சப்பென்று, அடிநாக்கில் ஒரு பொட்டு உப்பு. எங்கள் ஊர்க் கிணறுகள் சிலவற்றைவிட நன்றாகவே இருந்தது.

அண்ணன் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணி நல்லாத்தான் இருக்கு. இத வச்சு பன்னிரண்டு பேருக்கு எப்பலே குடுக்கப் போற?" என்றார். நியாயமான கேள்வி, பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

அண்ணன் மகன் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "சித்தப்பா, ஒரேயடியா கடல் தண்ணிய குடிச்சாத்தானே ஆகாது, கொஞ்சமா குடிச்சா, இல்ல நல்ல தண்ணியோட கலந்து குடிச்சா என்ன ஆகும்?" இந்த நினைப்பு கடலுக்குப் போகும் இளைஞர்களில் நிறையப் பேருக்கு இருக்கிறது. தாகம் முற்றும்போது இதுதான் ஆளைக் கொல்லும் நினைப்பு, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நம் ரத்தம் லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்புக்கரைசலுக்குச் சமம், ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் அந்தக் கணக்கில்தான் செய்யப்படுகிறது. உடம்புக்குள் போன மிச்ச உப்பை வெளியே தள்ளும் வேலை சிறுநீரகத்தினுடையது. ஆனால் உப்பை மட்டும் தனியாக எடுத்துப் போட அதற்குத் தெரியாது, தண்ணீரில் கரைத்துத்தான் அனுப்ப முடியும். மனிதச் சிறுநீரகம் எவ்வளவுதான் சிக்கனம் பிடித்தாலும் லிட்டர் சிறுநீரில் ஏறக்குறைய 20 கிராம் உப்புக்கு மேல் அடர்த்தியாக்க முடியாது. அப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால் 35 கிராம் உப்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற ஒன்றே முக்கால் லிட்டர் சிறுநீர் வேண்டும். குடித்தது ஒரு லிட்டர், போவது ஒன்றே முக்கால். அந்த முக்கால் லிட்டர் எங்கிருந்து வரும்? ஏற்கனவே வற்றிக்கொண்டிருக்கும் உடம்பிலிருந்துதான். குடிக்கக் குடிக்க உடம்பு வறண்டுகொண்டே போகும்.

கலந்து குடிப்பதற்கும் அதே கணக்கைப் போடலாம். இரண்டு டம்ளர் நல்ல தண்ணீர் கையில் இருக்கிறது, ஒரு டம்ளர் கடல்நீரைச் சேர்த்து மூன்றாக்கிக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு டம்ளரில் வந்த உப்பை வெளியே அனுப்ப ஒன்றே முக்கால் டம்ளர் போய்விடும். மிச்சம் ஒன்றேகால். கலக்காமல் குடித்திருந்தால் இரண்டும் உடம்பில் நின்றிருக்கும். கணக்கு கரடுமுரடானதுதான், ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு கொஞ்சம் மாறும், ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறாது. பையன் விரலை மடக்கி அவனே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தான், அப்புறம்தான் ஒப்புக்கொண்டான்.

இது போதாதென்று கடல்நீரில் சாதா உப்பு மட்டும் இல்லை, மெக்னீசியமும் சல்பேட்டும் நிறைய இருக்கின்றன. நாட்டுமருந்துக் கடையில் பேதியுப்பு என்று கேட்டால் கொடுப்பார்களே, அது இந்த இரண்டும் சேர்ந்ததுதான். கடல்நீர் குடித்தவனுக்கு வயிற்றால் போக ஆரம்பிப்பது அதனால்தான், மிச்சமிருந்த தண்ணீரும் அந்த வழியில் போய்விடும்.

உப்பு ரத்தத்தில் ஏறும்போது உடம்பின் உயிரணுக்களுக்குள் இருக்கும் தண்ணீர், உப்பு அதிகமான பக்கத்துக்கு இழுபட்டு வெளியே வருகிறது. அணுக்கள் சுருங்குகின்றன. மூளை அணுக்களும் சுருங்கும்போது குழப்பம், எரிச்சல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, பிறகு வலிப்பு, மயக்கம். நடுக்கடலில் "அதோ கரை தெரியுது, நான் நடந்து போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனவர்களின் கதைகளை உலகத்தில் எந்தக் கடற்கரையில் கேட்டாலும் சொல்வார்கள். கொடுமை என்னவென்றால், ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளை உடனே தாகத்தைத் தூண்டும். குடித்தவனுக்குத் தாகம் இன்னும் கூடும், அவன் இன்னும் குடிப்பான். ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்வேன் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பேச்சுக்குச் சொல்வதில்லை இது. கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் மிதந்தவர்களின் 163 பயணங்களைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். கடல்நீர் குடித்தவர்களில் 39 சதவீதம் பேர் இறந்தார்கள், குடிக்காதவர்களில் 3 சதவீதம். இதைக் கேட்ட பிறகும், 1952-ல் அலென் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தே அட்லாண்டிக்கைக் கடந்தாரே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அவர் அப்படிச் சொன்னார்தான், காற்றடைத்த ரப்பர் படகில் கேனரித் தீவிலிருந்து பார்படோஸுக்குப் போனார்தான். மீனைப் பிழிந்த சாறும் மழைநீரும் அவருக்குக் கிடைத்தன. அதற்குச் சில வருடங்கள் கழித்து ஹான்னஸ் லிண்டமான் என்ற ஜெர்மன் மருத்துவர் அதே கடலைச் சின்னப் படகில் கடந்துவிட்டு, கடல்நீர் குடிக்காதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். நான் லிண்டமான் பக்கம்.

கடலிலேயே வாழும் மற்ற உயிர்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பது எங்கள் தொழிலில் கண்ணெதிரே தெரியும் விஷயம்தான், காரணம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தூத்தூர்க்காரன் சுறாவுக்குப் பேர் போனவன். சுறாவை உடனே குடல் எடுத்து ஐஸில் போடாவிட்டால் மூத்திர வாடை அடிக்கும், கண்ணெல்லாம் எரியும், சந்தையில் விலை போகாது. அந்த வாடை எங்கிருந்து வருகிறது? நாம் சிறுநீரில் கழிக்கும் யூரியாவைச் சுறா ரத்தத்திலேயே தேக்கி வைத்துக்கொள்கிறது. அப்படிச் செய்வதால் அதன் ரத்தம் அடர்த்தியில் கடலுக்குச் சமமாகிவிடுகிறது, கடலால் அதன் உடம்புத் தண்ணீரை இழுக்க முடியாது. செத்த பிறகு அந்த யூரியா உடைந்து அமோனியாவாகிறது, அதுதான் வாடை. சூரை மாதிரி மீன்களுக்கு வழி வேறு, கடல்நீரைக் குடித்துவிட்டு உப்பைச் செவுள் வழியே வெளியேற்றும். பங்குனி ஆமை மணலில் ஏறி முட்டையிடும்போது கண்ணில் நீர் வழிவதைப் பார்த்திருப்பீர்கள், பிரசவ வேதனை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது கண்ணுக்குப் பக்கத்துச் சுரப்பி கழிக்கும் உப்புநீர், கடலுக்குள்ளும் வழிந்துகொண்டேதான் இருக்கும். கடற்காக்கைக்குக் கண்ணுக்கு மேலே அதே மாதிரி சுரப்பி உண்டு, மூக்குத் துவாரம் வழியாக 5 சதவீத உப்புநீரைச் சொட்டச் சொட்டக் கழிக்கும், கடலே 3.5 சதவீதம்தான். கடல் பறவைகளின் இந்தச் சுரப்பி எதற்கு என்பதைக் க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி 1957-ல் நீர்க்காகங்களை வைத்துக் கண்டுபிடித்தார். அதே மனிதர் அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலிக்குக் கடல்நீரைக் கொடுத்தும் பார்த்திருக்கிறார், அது குடித்துப் பிழைத்தது. அதன் சிறுநீர் நம்முடையதைப்போல் நாலு மடங்குக்கும் மேல் அடர்த்தியாகும். பூனைகூட இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டி. தரையில் வாழும் பிராணிகளில் இப்படிச் சமாளிப்பவை மிகச் சில. மனிதனுக்கு அந்தச் சுரப்பியும் கிடையாது, எலியின் சிறுநீரகமும் கிடையாது. ஆகவே வேலையைக் கை செய்ய வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இந்தப் பம்ப்.

கை செய்யும் வேலை லேசானதில்லை. ஒரு பக்கம் நல்ல தண்ணீர், ஒரு பக்கம் கடல்நீர், நடுவே தண்ணீர் மட்டும் நுழையும் சவ்வு என்று வைத்தால், தண்ணீர் தானாகவே உப்புப் பக்கம்தான் ஓடும். அந்த இழுப்பை எதிர்த்து நிற்கவே ஏறக்குறைய 27 பார் அழுத்தம் வேண்டும், லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு. எதிர்த்து நின்றால் போதாது, தண்ணீர் இந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் இன்னும் அழுத்த வேண்டும், பம்புக்குள் 55 பார் வரை போகிறது. இதைக் கையால் செய்ய முடிவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஒரு நல்ல ஏற்பாடு. சவ்வைத் தாண்டாத கழிவுநீரிலும் அதே அழுத்தம் இருக்குமில்லையா, அதைச் சும்மா வெளியே விடாமல் பிஸ்டனின் பின்பக்கம் கொண்டுவந்து அடுத்த அடிக்கு உதவியாகத் தள்ள வைத்திருக்கிறார்கள். இன்ஜின் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு சின்ன உருப்படிக்குள் இதை அடக்கியிருப்பதைக் கழற்றாமலே தடவிப் பார்த்து வியந்தேன்.

இந்த 27 பார் கணக்கு மனதில் இருந்தால் ஏமாறாமல் இருக்கலாம். இதே சவ்வு முறையில் வேலை செய்யும், வீட்டில் மாட்டும் ஆர்ஓ மெஷினை ஒரு இன்வெர்ட்டரோடு படகில் வைத்தால் என்ன என்று எங்கள் ஊரிலேயே இரண்டு பேர் கேட்டார்கள். வீட்டு மெஷின் பம்ப் தருவது ஐந்து, ஆறு, ஏழு பார். உப்புக் கிணற்று நீருக்கு அது போதும், கடல்நீரைக் கொடுத்தால் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் வராது. அடுத்தது, ஆன்லைனில் விற்கும் உறிஞ்சுகுழல் ஃபில்டர்கள். "எந்தத் தண்ணீரையும் குடிக்கலாம்" என்று ஒரு விற்பனையாளர் போட்டிருந்ததை நம்பி எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் உயிர்காப்புப் பையில் போட்டு வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அந்தக் குழலின் ஓட்டை 0.2 மைக்ரான் அளவு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), கிருமியைத் தடுக்கும், குளத்துத் தண்ணீருக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் நல்ல பொருள். கரைந்த உப்பு அந்த ஓட்டையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சின்னது, அப்படியே வந்துவிடும். தெளிவாகத் தெரியும், குடித்தால் கடல்நீர்தான். கரித்தூள் ஃபில்டர், துணியில் வடிகட்டல், கொதிக்க வைப்பது எதுவும் உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் மிஞ்சுவது இன்னும் உப்பாகத்தான் இருக்கும், நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஆவியைப் பிடிக்க வேண்டும். தயவுசெய்து உங்கள் பையில் அந்தக் குழல் இருந்தால், அது கடலுக்கு உதவாது என்று அதன் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.

சரி, அண்ணன் கேட்ட கேள்வி. தெப்பத்தில் கிடக்கும் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு உயிர் தாங்க அரை லிட்டர் என்று வையுங்கள், எங்கள் வெயிலுக்கு அது குறைந்தபட்சம்தான். பன்னிரண்டு பேருக்கு 6 லிட்டர். மணிக்கு 0.89 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் யாராவது ஒருவர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முறை வைத்து, இரவிலும் விடியலிலும் வெயில் இல்லாத நேரமாகப் பார்த்து அடித்தால் முடியாததில்லை. ஆனால் காயம்பட்டவன் இருப்பான், வாந்தி எடுப்பவன் இருப்பான், அலை நம் சௌகரியத்துக்கு நிற்காது. என் கைக்கு ஒரு மணி நேரத்தில் முன்னங்கை இறுகிவிட்டது, அதுவும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அடித்தபோது. மூன்று பேர் என்றால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நாள் கணக்கு முடிந்துவிடும், அதனால்தான் வள்ளத்துக்கு நல்லது என்றேன்.

சர்வைவர் 35 மணிக்கு 4.5 லிட்டர் தருகிறது, எடை 3.2 கிலோ. பன்னிரண்டு பேரின் அரை லிட்டர் கணக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த வகையை நான் அடித்துப் பார்த்ததில்லை. ஆனால் அதன் பெயர் வெளியே தெரிந்ததே ஒரு பெரிய சம்பவத்தால்தான். 1989-ல் பட்லர் என்ற அமெரிக்கத் தம்பதியின் பாய்மரப் படகைப் பசிபிக்கில் திமிங்கலங்கள் மோதி மூழ்கடித்தன, இருவரும் ரப்பர் தெப்பத்தில் 66 நாள் மிதந்து கோஸ்டாரிகா பக்கம் உயிரோடு மீட்கப்பட்டார்கள். குடித்த தண்ணீர் எல்லாம் அந்தக் கைப்பம்பில் அடித்தது. 66 நாளுக்கான தண்ணீரை எந்தத் தெப்பத்திலும் ஏற்றிக்கொண்டு மிதக்க முடியாது.

விலைதான் நெஞ்சை அடைக்கிறது. 06 வெளிநாட்டு விலையே ஆயிரம் டாலருக்கு மேல், வரி, கூரியர் எல்லாம் சேர்த்தால் லட்ச ரூபாயைத் தாண்டிவிடும், 35 கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு. நான் வாங்கியது கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்றபோது. ஊருக்கே வரவழைத்த நண்பர் ஒருவரின் பெட்டி கூரியர் கிடங்கில் வாரக்கணக்கில் கிடந்தது, எந்தக் காகிதம் இல்லை என்பதைச் சொல்லவே அவர்களுக்கு அத்தனை நாள் ஆனது. ஒரு தங்கலில், அதாவது ஒரு தடவை கடலில் தங்கித் தொழில் செய்துவர, டீசலுக்கும் ஐஸுக்கும் லட்சக்கணக்கில் இறக்கும் முதலாளிக்கு இது ஒரே தடவைச் செலவு என்று வாதாடலாம், நான் அண்ணனிடம் வாதாடவும் செய்தேன். ஆனாலும் மீனவனுக்கு மானியத்தில் தர வேண்டிய பொருள் இது என்பதே என் எண்ணம். சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகள் கப்பல்களின் உயிர்காப்புப் படகில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வைக்கச் சொல்கின்றன, அதில் 2 லிட்டருக்குப் பதிலாகக் கையால் அடிக்கும் இந்த வகைப் பம்பை வைத்துக்கொள்ளவும் அனுமதி இருக்கிறது. நான் போகும் கப்பலில் எனக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. அதே கடலில் என் அண்ணன் படகில் இருப்பவர்களுக்கு இல்லை.

படகு நன்றாக இருக்கும்போதே கடல்நீரைக் குடிநீராக்குவது வேறு விஷயம், அதற்கு இந்தப் பம்பை யோசிக்கவே வேண்டாம். கப்பல்களில் இன்ஜின் சூட்டை வைத்து, வெற்றிடத்தில் கடல்நீரைக் குறைந்த சூட்டிலேயே ஆவியாக்கித் தினம் டன் கணக்கில் எடுக்கிறோம். நம் ஆட்கள் போகும் வழியில் இருக்கும் கவரத்தித் தீவில் 2005 முதல் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்த நிலையம் ஓடுகிறது. கடலின் மேல்மட்டச் சூட்டுக்கும் ஆழத்துக் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுக்க என்று அமைத்தது. விசைப்படகுக்கு ஏற்ற சின்ன ஆர்ஓ இயந்திரங்களும் கிடைக்கின்றன. ஆனால் இவையெல்லாம் இன்ஜின் ஓடும்வரைதான். கைப்பம்ப் எல்லாம் போன பிறகு இருக்கும் பொருள், அதை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கையில் பணம் குறைவு, எதை முதலில் வாங்குவது என்று கேட்டால் என் வரிசை வேறு. முதலில் எல்லோருக்கும் நல்ல உயிர்காப்பு மேலுடை. அடுத்து இஸ்ரோ உருவாக்கிய டிஏடி ஆபத்து அறிவிப்புக் கருவி, நீங்கள் எங்கே கிடக்கிறீர்கள் என்று கரைக்குத் தெரிந்தால் தண்ணீர் தேவைப்படும் நாட்களே குறையும். மூன்றாவது, மூடி இறுக்கமான ஐந்து லிட்டர் கேன்கள், கொஞ்சம் காலி இடம் விட்டு நிரப்பியவை, நல்ல தண்ணீர் கடல்நீரைவிட லேசு என்பதால் கடலில் விழுந்தாலும் மிதக்கும். மழை பிடிக்க ஒரு சுத்தமான தார்ப்பாய். இதற்கெல்லாம் பிறகு பம்ப்.

வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது பராமரிப்பு. உபயோகித்துவிட்டு அப்படியே மூலையில் போட்டால் சவ்வில் பாசி, கிருமி பிடித்து அடுத்த தடவை உதவாது. கூடவே தரும் மருந்துப் பொடியைக் கரைத்து அடித்து உள்ளே நிறுத்தி வைக்க வேண்டும், சவ்வு காயவும் கூடாது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரால் கழுவக் கூடாது, குளோரின் சவ்வைத் தின்றுவிடும். வருடத்துக்கு ஒரு தடவை, மீன்பிடித் தடைக்காலத்தில் வலை பின்னும்போதே இதையும் எடுத்துப் பார்த்துவிடலாம், எங்கள் பக்கம் ஜூன் ஒன்றிலிருந்து ஜூலை கடைசிவரை படகு கரையில்தானே. படகில் ஏறும் எல்லோரும் ஒரு தடவையாவது அடித்துப் பழக வேண்டும், முதலில் வரும் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்பதுகூட வாய்மொழியாகச் சொன்னால் மறந்துவிடும். அண்ணன் படகில் இதை வீல்ஹவுஸுக்கு, அதாவது படகு ஓட்டும் அறைக்கு வெளியே, காற்றடைத்த ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள் போட்டு, கைப்பிடியில் கயிறு கட்டி டிரம்மோடு முடிந்து வைத்திருக்கிறோம். தெப்பத்தில் வழுக்கிக் கடலில் விழுந்தால் அது மிதக்காது.